இருவராகப் போகும் நெடுந்தூர சைக்கிள் பயணம்: ஒரு நாளில் வரும் கோளாறுகளும் அவற்றை வழியிலேயே சரிசெய்வதும்

இரண்டு பேர், இரண்டு சைக்கிள், கேரியரின் இருபுறமும் பைகள், ஒரு நாளைக்கு 70, 80 கிலோமீட்டர். இப்படிப் போகிறவர்களுக்கு வழியில் என்னென்ன தொல்லை வரும், எந்த அறிகுறியைக் கண்டால் எங்கே கை வைப்பது என்பதைக் காலை முதல் மாலை வரை ஏறக்குறைய வரிசையாக எழுதியிருக்கிறேன். இதில் பாதி, தனியாகப் போகிறவருக்கும் பயன்படும். மீதி, இருவராகப் போவதால் மட்டுமே வருவது. ஒருவரிடம் தெரியும் கோளாறுக்குக் காரணம் மற்றவரிடம் இருப்பது அடிக்கடி நடக்கும். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய சீட் உயரத்தோடு கூட வருபவரின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் சாலையை விட்டு இறங்கி, நிழலில் நின்றுகொள்ளுங்கள். இருவரும் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, அப்புறம் சைக்கிளைத் தொடுங்கள். வெயிலில் நின்று அவசரமாகச் செய்த வேலையை இரண்டாம் முறை செய்ய நேரிடும்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் பின்தங்குகிறார்

உடனே ஆளைச் சந்தேகப்படாதீர்கள், சைக்கிளைப் பாருங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். நான்கைந்து சுற்றாவது தானாக ஓட வேண்டும். சட்டென்று நின்றால் பிரேக் கட்டை ரிம்மிலோ டிஸ்க்கிலோ உரசுகிறது. பைகளை மாட்டும்போது பிரேக் வயர் இழுபட்டிருக்கலாம், சக்கரம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். சக்கரத்தின் அச்சைத் தளர்த்தி, நேராக உட்காரவைத்து இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது காற்று. பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபில் காற்று நாளாக நாளாகக் குறைந்துகொண்டேதான் இருக்கும். சுமை ஏற்றிய சைக்கிளில் 38, 40 மி.மீ. அகல டயர் என்றால் பின்னால் 55 முதல் 60 பிஎஸ்ஐ (பம்பின் அளவுமானி காட்டும் காற்றழுத்த அலகு), முன்னால் அதைவிட ஐந்து பத்து குறைவு என்று தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லையை மட்டும் தாண்டக் கூடாது.

இரண்டும் சரியாக இருந்தால் சுமையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள். ஆளுக்குப் பாதி என்று சமமாகப் பிரிப்பது நியாயமாகத் தோன்றும், பயணத்துக்கு உதவாது. வலு அதிகம் உள்ளவர் கூடாரம், அடுப்பு, கருவிகள் என்று கனமானவற்றை எடுத்துக்கொள்ளட்டும். இருவரின் வேகமும் நெருங்கி வரும்வரை பையிலிருந்து பைக்கு மாற்றுங்கள். அதில் கூச்சமே வேண்டாம்.

சமதளத்தில் மெதுவாகப் போகிறவர் முன்னால் போகட்டும். எதிர்காற்று பலமாக இருந்தால் மட்டும் வலுவானவர் முன்னால் போய்க் காற்றைத் தடுக்கலாம். நெருங்கிப் பின்தொடர்பவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். ஏற்றத்தில் வேகம் 8, 10 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுவதால் அந்தப் பயன் கிடையாது. அங்கே அவரவர் வேகத்தில் ஏறி, முன்பே பேசிவைத்த இடத்தில் சந்திப்பதே நல்லது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. முன்னால் ஏறியவர் மேலே பத்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறுகிறார். பின்னால் வந்தவர் மூச்சு வாங்கியபடி காலை ஊன்றுகிறார். "வந்தாச்சா, போகலாமா?" என்று முன்னவர் கிளம்புகிறார். இதையே ஐந்தாறு ஏற்றங்களில் செய்தால், ஒருவர் நாள் முழுக்க ஓய்வெடுத்திருப்பார், இன்னொருவர் ஒரு தடவைகூட உட்கார்ந்திருக்க மாட்டார். பின்தங்குபவர் மேலும் பின்தங்குவது இதனால்தான். ஓய்வு நேரத்தைக் கடைசியாக வந்தவர் இறங்கி உட்கார்ந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள்.

டயரில் காற்று இறங்குகிறது

பம்பும் கருவிகளும் பின்னால் வருபவரிடம் இருப்பதே நல்லது. பின்னால் வருபவருக்குப் பஞ்சர் ஆகி, பம்பு முன்னால் போய்விட்டால் அவர் நடக்க வேண்டியதுதான். முன்னவருக்குப் பஞ்சர் ஆனாலோ பின்னவர் தானாகவே வந்து சேர்ந்துவிடுவார். மாற்று டியூப் மட்டும் ஆளுக்கு ஒன்று.

டியூபைக் கழற்றும் முன் வால்வு டயரில் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டயரை மாட்டும்போதே அதிலுள்ள பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுவது நல்ல பழக்கம். டியூபில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, டயரில் முள்ளும் அதே தூரத்தில்தான் இருக்கும்.

ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லிவிடும். வெளிப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள், கண்ணாடி, கம்பி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால், காற்று குறைவாக இருக்கும்போது பள்ளத்திலோ கல்லிலோ இடித்து, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. இதற்கு முள் தேடிப் பயனில்லை, காற்றைக் கூட்ட வேண்டும். உள்பக்கம், அதாவது ரிம்மைத் தொடும் பக்கம் ஓட்டை என்றால், ரிம் நாடா விலகி ஸ்போக் துளையின் விளிம்பு குத்துகிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்பை ஆட்டி ஆட்டி அடித்ததுதான் காரணமாக இருக்கும், அந்த இடத்தில் ஒட்டு நிற்காது.

ஒரே சக்கரம் மறுபடியும் மறுபடியும் இறங்கினால், குத்திய பொருள் டயருக்குள்ளேயே இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் கிழிந்து கிடக்கும் லாரி டயர்களிலிருந்து உதிரும் மெல்லிய எஃகு இழைகள்தான் இதில் மிக மோசம். தலைமுடி அளவுதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய துணியை விரலில் சுற்றி, டயரின் உள்ளே மெதுவாக ஒரு சுற்று தடவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே நிறுத்தி, டயரை அந்த இடத்தில் வெளிப்புறமாக மடித்துப் பாருங்கள். இழையின் முனை மினுக்கும். நகத்தால் வராது, குறடால் பிடித்து இழுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் ஒரு சுற்று தடவுங்கள். சாய்வாக ஏறிய இழை ஒரு பக்கத்திலிருந்து தடவும்போது மாட்டாமல் போகலாம். ஒருவர் டியூபைப் பார்க்கும்போது மற்றவர் இந்த வேலையைச் செய்தால் நேரம் பாதியாகும்.

சாலையில் ஒட்டு போடாதீர்கள். மாற்று டியூபைப் போட்டுக் கிளம்புங்கள், மாலையில் நிதானமாக ஒட்டலாம். ஒட்டும்போது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாக, ஒட்டைவிடக் கொஞ்சம் அகலமாகத் தடவி, ஐந்து நிமிடம் போல விட்டுவிடுங்கள். ஈரப் பளபளப்பு போன பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். பிடிக்காத ஒட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்து நிமிடம் பொறுக்காததால் பிடிக்காதவை.

டயரின் பக்கச்சுவரே கிழிந்து டியூப் பிதுங்கினால், பழைய டயர்த் துண்டையோ காலி பற்பசைக் குழாயை வெட்டி எடுத்த துண்டையோ உள்ளே வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து அடித்து, அடுத்த ஊர்வரை போகலாம். அந்தச் சக்கரத்தின் மேலுள்ள சுமையை மற்றவர் வாங்கிக்கொள்ளட்டும்.

எங்கிருந்தோ டக், டக் என்று சத்தம்

ஓட்டுகிறவர் காதை நம்ப வேண்டாம். இரும்போ அலுமினியமோ, சட்டம் முழுவதும் சத்தத்தைக் கடத்தும், பெடலில் எழும் சத்தம் ஹேண்டிலில் கேட்கும். வண்டி இல்லாத சாலையாகப் பார்த்து, மற்றவர் பக்கத்தில் வந்து கேட்கட்டும்.

ஓடும்போதே மிதிப்பதை நிறுத்திப் பாருங்கள். சத்தமும் நின்றால் பெடல், கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு), செயின் ஆகியவற்றில் ஒன்று. நிற்காமல் தொடர்ந்தால் சக்கரத்தில், கேரியரில், மட்கார்டில் தேடுங்கள். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் சத்தம் போய்விட்டால் அது சீட்டின் போல்ட், அல்லது சீட் தண்டு. தண்டைக் கழற்றித் துடைத்து, உலோகத் தண்டாக இருந்தால் கொஞ்சம் கிரீஸ் தடவி மாட்டினால் அடங்கும்.

இடது பெடலின் மரை தலைகீழானது, அதை இறுக்க இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். கிராங்க் ஆடினால் அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட மிதிக்காமல் உடனே இறுக்குங்கள். ஆடுகிற கிராங்கை மிதித்தால் அதன் துளை தேய்ந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

பின்சக்கரம் திடீரென்று கோணலாக ஓடுகிறது

"டிங்" என்று ஒரு சத்தம் கேட்டு, பிறகு பிரேக் ஒவ்வொரு சுற்றிலும் உரசினால் ஸ்போக் போய்விட்டது. பெரும்பாலும் பின்சக்கரத்தில், பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்தில்தான் உடையும். அந்தப் பக்கத்து ஸ்போக்குகள்தான் அதிக இழுவிசையில் இருக்கின்றன.

உடைந்த ஸ்போக்கைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிவிடுங்கள், அது எங்கும் மாட்டக் கூடாது. வலப்பக்கம் ஒன்று போனதால் ரிம் அந்த இடத்தில் இடப்பக்கமாக இழுபட்டிருக்கும். எனவே உடைந்ததற்கு இருபுறமும் அடுத்துள்ள இடப்பக்க ஸ்போக்குகளின் நிப்பிளை, அதாவது ஸ்போக்கை ரிம்மில் பிடித்திருக்கும் சிறு மரையை, அரைச் சுற்று தளர்த்துங்கள். சுற்றிப் பாருங்கள். இன்னும் உரசினால் கால் சுற்று. முழுக்க நேராக்க முயல வேண்டாம், பிரேக்கில் படாமல் ஓடினால் போதும். பின்பைகளில் உள்ள கனத்தை மற்ற சைக்கிளுக்கு மாற்றி, பள்ளங்களில் சீட்டிலிருந்து எழுந்து ஓட்டினால் அன்றைய தூரத்தைக் கடந்துவிடலாம். இரண்டு ஸ்போக் போனால் ஓட்டக் கூடாது.

கியர் ஏறாமல் நழுவுகிறது

பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் கியர் வயர் தளர்ந்திருக்கிறது. பின்சக்கரத்தின் அருகே செயினை நகர்த்தும் கியர் மாற்றியின் பின்னால் வயர் நுழையும் இடத்தில் உள்ள சிறு திருகைப் பின்னால் நின்று பார்த்து, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக அரைச் சுற்று திருப்பிப் பாருங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் எதிர்ப்பக்கம். புது வயர் போட்ட முதல் சில நாட்களில் இது சகஜம்.

சைக்கிள் வலப்பக்கமாக விழுந்திருந்தால் மட்டும் திருகைத் தொடும் முன் பின்னால் நின்று பாருங்கள். கியர் மாற்றி உள்நோக்கி வளைந்திருக்கிறதா? வளைந்திருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகவே போகாதீர்கள். அது ஸ்போக்குக்குள் மாட்டினால் சக்கரமும் போய்விடும், ஆளும் விழுவார்.

செயின் அறுந்தால் இணைப்புக் கண்ணி ஒன்று போதும். ஆனால் 9 கியர் செயினுக்கான கண்ணி 11 கியர் செயினுக்குச் சேராது. இரண்டு சைக்கிளும் வேறு வேறு என்றால் இரண்டுக்கும் தனித்தனியாக வைத்திருங்கள்.

இறக்கத்தில் ஹேண்டில் நடுங்குகிறது

பயமுறுத்தும் அனுபவம் இது. கை இறுகப் பிடித்தால் நடுக்கம் கூடும். பிடியைத் தளர்த்தி, முழங்கால்களால் சட்டத்தின் மேல்குழாயை இறுக்கி, மெதுவாகப் பிரேக் பிடியுங்கள். அடங்கிவிடும்.

நின்றபின் காரணத்தைத் தேடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் ஹேண்டில் கழுத்தில் லொடலொடவென்று தெரிகிறதா? தெரிந்தால் அதை இறுக்க வேண்டும். இல்லையென்றால் சுமைதான். கனமானவை பையின் அடியில், சக்கரத்தின் அச்சுக்கு நெருக்கமாக, இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கேரியரின் மேலே உயரமாகக் கட்டிய மூட்டை ஆட்டத்தைப் பெருக்கும். கேரியர் போல்ட்டுகளைத் தினமும் காலையில் ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள், அவை தானாகக் கழலும் பழக்கம் உள்ளவை.

பிரேக் அலறுகிறது, அல்லது பிடிக்கவில்லை

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்தால் ரிம்மும் டிஸ்க்கும் கொதிக்கும். ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபை வெடிக்க வைக்கவும் கூடும். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். இறக்கத்தில் கனம் அதிகம் உள்ளவர் தானாகவே வேகமாக உருளுவார், அதனால் அங்கே அவர் முன்னால் போகட்டும். மெலிந்தவரின் பின்சக்கரத்தில் அவர் ஒட்டிக்கொண்டே பிரேக் பிடித்துப் போவது இருவருக்கும் ஆபத்து.

ரிம் பிரேக் கட்டையில் பள்ளக்கோடு மறைந்துவிட்டால் மாற்றுங்கள். டிஸ்க் கட்டையில் உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே போனாலும் அப்படித்தான். டிஸ்க்கை எண்ணெய் விரலால் தொடாதீர்கள், ஓடி முடித்த உடனே வெறும் விரலாலும் தொடாதீர்கள்.

முழங்கால், கை, உட்காரும் இடம்

முழங்காலின் முன்புறம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்புறம் வலித்தால் சீட் உயர்ந்திருக்கிறது. குதிகாலைப் பெடலில் வைத்து அதை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்தால் கால் நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு சரியக் கூடாது. மாற்றும்போது 3 முதல் 5 மி.மீ. மட்டும் மாற்றி, அரை மணி ஓட்டிப் பாருங்கள். சீட்டைத் தொட்ட பிறகும் வலி குறையாவிட்டால் கூட வருபவர் ஒரு கியர் இறக்கி, மெதுவாகப் போகட்டும். அவருடைய வேகத்தைப் பிடிக்கவே இவர் கனமான கியரில் மிதித்துக்கொண்டிருப்பார்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளியோரமாகச் செல்லும் நரம்பு அழுந்துகிறது. சீட்டின் முனை கீழே சாய்ந்து, உடல் எடையைக் கைகளில் தள்ளுகிறதா என்று பாருங்கள். பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள். உட்காரும் இடத்தில் தோல் எரிந்தால் அன்றே கழுவி, உலர வைத்து, மறுநாள் துவைத்த உடையைப் போடுங்கள். இதை மறைக்காமல் மற்றவரிடம் சொல்லிவிடுவது நல்லது. புண்ணானால் பயணமே நின்றுவிடும்.

ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டார், அல்லது எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார்

இந்தப் பட்டியலில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். காலையில் சிரித்துப் பேசியவர் பிற்பகலில் வாயே திறக்கவில்லை என்றால், மனத்தாங்கல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பசி, தாகம், வெயில் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

"ஓகேவா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ம்" என்றுதான் சொல்வார்கள், தன்னால் தாமதமாகிறது என்று நினைப்பவர் நிச்சயமாக அப்படித்தான் சொல்வார். "கடைசியா எப்போ சாப்பிட்டே? பாட்டில்ல எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்கு? கடைசியா எப்போ சிறுநீர் போனே?" என்று கேளுங்கள். பதிலில் ஏதாவது ஒரு எண் வர வேண்டும்.

தொடர்ந்து மிதிக்கும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம்தான் இருக்கிறது. அது போதாமல் சர்க்கரை இறங்கினால் கைகால் நடுங்கும், வியர்க்கும், மிதிக்க மனமே வராது, சின்ன விஷயத்துக்கும் கண்ணீர் வரும். இனிப்பாக ஏதாவது கொடுத்து, பதினைந்து நிமிடம் உட்காரவையுங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வழி, தூரம், தங்குமிடம் எதைப் பற்றியும் முடிவெடுக்காதீர்கள். இனிப்புக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் அதே நிலை திரும்பும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர், கடும் வெயிலில் இன்னும் கூட. பல மணி நேரம் வியர்த்தபடி வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மேல் குடித்துக்கொண்டே இருந்தால் உடலில் உப்பு நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். உணவிலோ தண்ணீரிலோ உப்பும் வேண்டும்.

வெயிலில் தலை சுற்றி, தோல் ஈரமாக, களைப்பாக இருந்தால் நிழல், தண்ணீர், ஓய்வு போதும். ஆனால் பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், நடை தள்ளாடினால், அது வெப்பவாதம். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட இல்லை. உடனே அவசர உதவிக்கு அழைத்துவிட்டு, உடையைத் தளர்த்தி, கையிலுள்ள தண்ணீரை எல்லாம் உடலில் ஊற்றி விசிறுங்கள். வாயில் ஊற்றாதீர்கள். பாதிக்கப்பட்டவர் "ஒன்றுமில்லை, போகலாம்" என்று பிடிவாதம் பிடிக்கலாம், அதைக் கேட்க வேண்டாம். இருவராக வந்ததன் பயன் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பசி, தாகம், வெயில் மூன்றும் சரியாக இருந்தும் எரிச்சல் தீரவில்லை என்றால், அது உண்மையான கருத்து வேறுபாடு. மாலையில் குளித்துச் சாப்பிட்டபின் பேசுங்கள்.

ஒருவரை ஒருவர் காணவில்லை

காலையிலேயே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: திருப்பம் வந்தால் முன்னவர் அங்கேயே நின்று, பின்னவர் கண்ணால் பார்த்த பிறகே திரும்புவார். வழி பிரிந்துவிட்டது என்று தெரிந்தால் கடைசியாக இருவரும் சேர்ந்து நின்ற இடத்துக்கு இருவரும் திரும்புங்கள். ஆளுக்கொரு யோசனையில் குறுக்கே தேடினால் தூரம்தான் கூடும். வரைபடம் இணையம் இல்லாமலும் திறக்கும்படி இரண்டு போனிலும் இருக்கட்டும், பணமும் தண்ணீரும் இரண்டு பேரிடமும் இருக்கட்டும். வழி பார்க்க ஒரு போனை மட்டும் பயன்படுத்தி, இன்னொன்றை அணைத்து வைத்தால் மாலையில் ஒன்றிலாவது சார்ஜ் மிஞ்சும்.

இருவரும் ஒரே சைக்கிளில் போகிறீர்கள் என்றால்

இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளான டேண்டத்தில் பின்தங்கும் தொல்லையே இல்லை, ஆனால் முன்னவர் செய்வது பின்னவருக்குத் தெரியாது. பள்ளம், கியர் மாற்றம், பிரேக், மிதிப்பதை நிறுத்துவது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னவருக்கு உட்காரும் இடத்தில் வலி என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான், பள்ளம் வருவது தெரியாததால் அவர் சீட்டிலிருந்து எழுவதே இல்லை. இரு கிராங்குகளையும் இணைக்கும் செயின் தொங்கினால் அது கழன்று விழும், அதன் இறுக்கத்தை வாரம் ஒரு முறையாவது பாருங்கள். இருவர் எடையும் ஒரே சக்கரங்களில் இறங்குவதால் இறக்கத்தில் பிரேக் சூடாவதும் அதிகம்.

பொழுது சாய்கிறது, இடம் இன்னும் தூரம்

பிற்பகல் இரண்டு மணிக்கே ஒரு கணக்குப் போடுங்கள். சுமையோடு, நிறுத்தங்களையும் சேர்த்து, உண்மையான சராசரி மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர்தான் வரும். மீதித் தூரத்தை 12 ஆல் வகுத்து, வரும் மணி நேரத்தைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அது போதாது என்றால் அப்போதே இன்னும் அருகில் உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்நேரத்தில் போன் செய்து இடம் கேட்கலாம், இருட்டிய பிறகு கிடைப்பதை ஏற்க வேண்டியிருக்கும்.

எப்படியும் இருட்டில் ஓட்ட நேர்ந்தால் இரண்டு சைக்கிளிலும் முன்விளக்கும் பின்விளக்கும் எரிய வேண்டும், ஒருவருடையது போதும் என்று விடக் கூடாது. பின்பை சிவப்பு விளக்கை மறைக்கிறதா என்று சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிடுங்கள். ஒருவருடைய விளக்கு அணைந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, மீதியை நடந்தோ வண்டி பிடித்தோ போங்கள்.